றோட்டுக் கணக்கு

பத்துக்கு எத்தனை அண்ணை என்று கேட்டேன்.
மூன்று என்றார் அருமைத்துரை.
கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை
வெளிறிப் போயிருந்தது.
மல்லாவியில் கிளினிக் முடித்து
ஸ்கூட்டியில் போயிறங்கிய முதல் நாள்.
மூன்று என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.
அந்தப் பிழை என்னுடையது.

அடுத்த கிழமைதான் சுகிர்தமலரக்கா
படலையடியில் வைத்துச் சொன்னா:
அவருக்குப் பத்து எண்டால் வேற, மிஸ்ஸி.
மாத்தளனில, பள்ளிக்கூட மேசையில,
மயக்க மருந்து முடிஞ்ச பிறகு
காலை எடுத்தவை.
இப்ப வாறதெல்லாம் அவருக்கு
அதுக்குக் கீழதான்.

இடுப்பெலும்பில் புற்று.
நாலு மணிக்கொரு தரம் நேர மருந்து.
நேர மருந்தையும் கிழித்துக்கொண்டு நோ எழும்பினால்
குடிக்கவென்று இடை மருந்து, ஒரு சின்னப் போத்தல்.
போத்தல் குறையவேயில்லை.
தேடினால் மாப்பேணிக்குள் இருந்தது.
தடைக்காலத்தில் டீசலைத் துளித்துளியாய்ச் சேர்த்த மனிசன்
இதையும் சேர்த்திருக்கிறார்,
இன்னும் பெரிசாய் ஒன்று வரும் என்று.

வாறது இதுதான் அண்ணை, இப்பவே குடியுங்கோ.
முடிஞ்சால்?
முடிஞ்சால் கொண்டு வருவன்.
அவர் என்னை நம்பவில்லை.
இந்த மண்ணில் ஆர்தான் நம்புவார் அந்த வசனத்தை.

எண்ணை விடுவம், றோட்டில சொல்லுங்கோ என்றேன்.
கால் போகும்வரை லொறி ஓடினவர்.
முதல் தரம் என் முகத்தைப் பார்த்தார்.
கார்பெட் போட்ட ஏ-நைன் எண்டால்
சும்மா படுத்திருக்கலாம்.
ஒட்டுசுட்டான் றோட்டு, திருத்த முந்தி:
பல்லைக் கடிச்சால் போகும்.
துணுக்காய்க் கிரவல்: கதைக்க ஏலாது.
வவுனிக்குளக் கட்டு, மாரி, நெல் ஏத்தின பாரம், பிறேக் இல்லை...
அங்கே நிறுத்திவிட்டார்.

அக்கா கொப்பியில் எழுதத் தொடங்கினா.
காலமை ஆறு, கிரவல்.
பத்தேகால், முழுக வார்க்கேக்க, குளக்கட்டு.
சாமம் ரெண்டு, குளக்கட்டு, என்னை எழுப்பேல்ல.
டொக்டர் விரல் வைத்து வாசித்தார்,
இது என்ன றோட்டு, இது என்ன றோட்டு என்று கேட்டு.
ஒரு நாளில் நாலு குளக்கட்டா என்றார்.
நேர மருந்தைக் கூட்டினார்.
முழுக வார்க்க அரை மணித்தியாலம் முந்தி
இடை மருந்து ஒருக்கா என்று
அதே கொப்பியில் எழுதிவிட்டார்.

இன்றைக்கு நான் போகையில் பின்னேரம் ஆறாகுது.
வயல் பக்கம் யானைக்கு வெடி கொளுத்தினார்கள்.
வெடிக்குத் துடித்தது உடம்பு,
துடிப்புக்கு எழும்பியது எலும்பு.
கட்டு, என்றார். அவ்வளவுதான்.
சிறிஞ்சில் இழுத்துக் கன்னத்துக்குள் விட்டா அக்கா.
கை நடுங்கவில்லை இப்போது அவவுக்கு.

பிறகு இருபது நிமிஷம்.
படித்த நேர்ஸுக்கும் அந்த இருபது நிமிஷத்தில்
செய்ய ஒன்றுமில்லை.
தலையணையை இடுப்புக்குக் கீழே ஒதுக்கினேன்.
சுவரில் மணிக்கூடு, பல்லி.
அக்கா துவாயை நனைத்துப் பிழிந்தா,
காயும் முன்பே திரும்ப நனைத்துப் பிழிந்தா.
இன்னொரு வெடி.
அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்,
ஆருக்கு என்று தெரியாது.
எட்டு நிமிஷம். பதினொன்று.
பதினாலில் வாய் ஏதோ முணுமுணுத்தது,
குனிந்தேன், வேர்வை மணம் மட்டும்.
கை சட்டத்தை விட்டது எப்போதென்று
நாங்கள் இருவருமே காணவில்லை.

பிள்ளை, எதால வந்தனீ?
பாலத்தால, அண்ணை.
இருட்டுது.
பாலம் தாண்டினோண்ணை வலப்பக்கம் பிடி,
இடப்பக்கம் மண் அரிச்சுப் போய்க் கிடக்கும்.
ஹோர்ன் அடியாத, யானை நிக்கும்.

கால் போனபின் அந்தப் பக்கம் போகாதவர்.
அந்த இடத்தில் புதுப் பாலம் போட்டு ஏழு வருஷம்.
ஓமண்ணை என்றேன்.
அக்கா கொப்பியை எடுத்தா, நேரம் பார்த்தா,
றோட்டு என்ன என்று கேட்க வாயெடுத்து
கேட்காமல்
பேனையை மூடினா.